சிவகாசிக்கு வேலை மாறிப் போறீங்களா? வீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி தெருவைப் பாருங்க!

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாச்சு. அச்சகத்துல டிசைனர் வேலையா இருக்கலாம், பேங்க்ல டிரான்ஸ்ஃபரா இருக்கலாம், கல்லூரியில உதவிப் பேராசிரியர் பணியா இருக்கலாம். ஊர், சிவகாசி.

வீட்டுல சொன்னதும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, ‘பட்டாசு ஊராச்சே... பாதுகாப்பா இருக்குமாப்பா?’ நீங்க கேட்கிற முதல் கேள்வி, ‘அங்க வாடகை எவ்வளவு இருக்கும்?’

ரெண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா, அம்மா மொத்த ஊரையும் பார்த்துக் கேட்கிறாங்க. நீங்க நாலு சுவரை மட்டும் பார்த்துக் கேட்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அதுதான் தெரு. சிவகாசியில உங்க பாதுகாப்பு, தண்ணி, தூக்கம், பெட்ரோல் செலவு எல்லாத்தையும் பெரும்பாலும் முடிவு செய்யறது அந்தத் தெருதான்.

சென்னை, கோவை மாதிரி போன்லயே இருபது வீட்டை ஓட்டிப் பார்த்து முடிவு பண்ற வேலை இங்கே அவ்வளவாக நடக்காது. கேட்டில் தொங்குற ‘டூலெட்’ போர்டு, முக்கு மளிகைக் கடை, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க, வீட்டு புரோக்கர்... இந்த வழியிலதான் நிறைய வீடுகள் கைமாறுது. அதனால நடந்துதான் ஆகணும். நடக்கும்போது எதைப் பார்க்கணும், யார்கிட்ட என்ன கேட்கணும்? அதைத்தான் இங்கே பார்க்கப்போறோம்.

முதல்ல, உங்க வேலை எந்த ரோட்டுல?

சிவகாசியை நாலு பக்கமும் ரோடு பிரியிற ஊரா மனசுல வரைஞ்சுக்கோங்க. வடக்கே போனா திருத்தங்கல் வழியா விருதுநகர். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர். கிழக்கே சாத்தூர். தெற்கே வெம்பக்கோட்டை. பட்டாசு ஆலைகள் குடியிருப்புகளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே, இந்த ரோடுகளை ஒட்டிய கிராமங்களில் இருக்கின்றன. அச்சகங்கள், அலுவலகங்கள், மருத்துவமனைகள், கடைகள் நிறைய ஊருக்குள் இருக்கின்றன.

வேலை சாத்தூர் ரோட்டுல, வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல என்றால் தினமும் ரெண்டு தடவை முழு ஊரையும் குறுக்கே கடக்கணும். வேலை இருக்கும் பக்கத்திலேயே வீடு தேட ஆரம்பிங்க. கம்பெனி வேன் வரும் என்றால் இன்னொரு விஷயத்தையும் கேளுங்க: வேன் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும், எத்தனை மணிக்கு? அந்த ஸ்டாப்புக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

இப்போ உங்க முன்னாடி நாலு வாய்ப்பு இருக்கு.

*ஊருக்குள்:* பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், மருத்துவமனை எல்லாம் பக்கம். வண்டி இல்லாதவர்களுக்கு வசதி. ஆனால் தெருக்கள் குறுகல், பார்க்கிங் சிரமம், சத்தம் அதிகம்.

*திருத்தங்கல்:* நாலைந்து கிலோமீட்டர் தூரம். தனி நகராட்சியாக இருந்தது. 2021-ல் சிவகாசி மாநகராட்சி ஆனபோது அதோடு இணைக்கப்பட்டது. தனி ரயில் நிலையம் உண்டு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இங்கேதான். விருதுநகர் பக்கம் வேலை என்றால் யோசிக்காமல் பார்க்கலாம்.

*ஓரத்து ஊராட்சிகள்:* விஸ்வநத்தம், ஆனையூர், சித்துராஜபுரம், பள்ளபட்டி, நாரணாபுரம் போன்றவை. பார்வைக்கு எல்லாம் சிவகாசிதான். வீட்டுக்கு வீடு ஒட்டித்தான் இருக்கும். ஆனால் 2021-ல் மாநகராட்சி உருவானபோது இவை ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. புது பிளாட், புது வீடு, வண்டி நிறுத்த இடம் எல்லாம் கிடைக்கலாம். ஆனால் குடிநீர், குப்பை, தெருவிளக்கு, வாறுகால் வசதி எல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். ‘இது மாநகராட்சியா, ஊராட்சியா?’ என்று முதலிலேயே கேட்டுடுங்க. ஏதாவது புகார் கொடுக்கணும்னா எங்கே போறது என்பது இந்தப் பதிலில் இருக்கு.

*பக்கத்து ஊர்கள்:* விருதுநகர், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர். எல்லாம் ஏறக்குறைய 20 முதல் 30 கிலோமீட்டருக்குள். கணவன், மனைவி இருவருக்கும் வெவ்வேறு ஊரில் வேலை என்றால் இது நல்ல யோசனை. கலெக்டர் ஆபீஸும், 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் விருதுநகரில் இருக்கின்றன. விருதுநகரும் சாத்தூரும் மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் இருப்பதால் வார இறுதியில் ஊருக்குப் போகவும் வசதி. ஆனால் தினசரிப் பயணம் உடம்பை எடுத்துவிடும். தனியாக இருக்கிறவர்களுக்கு அவ்வளவாகச் சரிவராது.

பக்கத்துல என்ன இருக்கு?

இதுதான் முக்கியமான பகுதி. ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க.

2016 அக்டோபர் 20. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் சென்டர். புகை அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்தவர்களில் குறைந்தது எட்டுப் பேர் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது புகை. அவர்கள் இருந்தது பட்டாசு ஆலையில் இல்லை, ஊருக்குள் ஒரு சாதாரணக் கட்டடத்தில்.

அம்மாவோட பயத்துக்கு இதுதான் சரியான பதில். சிவகாசியில் இருப்பதாலேயே ஆபத்து வந்துவிடாது. லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நிம்மதியாகத்தான் வாழ்கின்றன. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

லைசென்ஸ் உள்ள ஆலைகளை ஊர்க்காரர்கள் ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று பிரித்துச் சொல்வதைக் கேட்பீர்கள். எவ்வளவு வெடிமருந்து வைத்துக்கொள்ள அனுமதி என்பதைப் பொறுத்து, அனுமதி தருகிற அலுவலகம் மாறும். அந்த ஆலைகளில் சின்னச் சின்ன அறைகளாக, இடைவெளிவிட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக.

குடியிருப்புத் தெருவில் ஒரு வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்தால் இந்த இடைவெளி எதுவும் இருக்காது. வீடுகளில் பட்டாசு தயாரித்ததாக, கருந்திரி பதுக்கியதாகப் போலீஸ் வழக்குப் போடுகிற செய்தி விருதுநகர் மாவட்டப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் பார்த்துடுங்க.

1. கீழ்த்தளத்தில் பட்டாசுக் கடையோ கிடங்கோ இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாடி போர்ஷன் வேண்டாம். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதே விதிதான்.

2. எப்போதும் ஜன்னல் சாத்தியே இருக்கும் வீடு, ராத்திரியில் மூட்டை இறங்கும் ஷெட் ஏதாவது இருக்கா? ஓனரிடம் கேட்காதீங்க. முக்குக் கடையில், எதிர் வீட்டு அக்காவிடம் கேளுங்க.

3. வாசலில் உட்கார்ந்து காகிதக் குழாய் சுற்றுவதையும், தீப்பெட்டி ஒட்டுவதையும் பார்த்து மிரள வேண்டாம். மருந்து இல்லாத வேலை அது, நிறைய பெண்களின் வருமானமும் அதுதான். ‘மருந்து’ என்று இங்கே சொல்வது வெடிமருந்தை. அதுவும் திரியும் வீட்டுக்குள் இருந்தால்தான் பிரச்னை.

4. நீங்கள் பார்க்கிற வீட்டுக்கு ரெண்டு வழி இருக்கா? இல்லை, ஒரே மாடிப்படிதானா? ஜன்னல் திறக்குமா?

5. தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியுமா? முடியாத சந்து என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.

சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தால் நீங்களே போய் எட்டிப்பார்க்க வேண்டாம். 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101-க்குச் சொல்லுங்க.

இன்னொன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்கள், என்ன நடந்தது என்று பார்க்கப் போனவர்கள். எங்காவது வெடிச்சத்தம் கேட்டு, புகை எழுந்தால் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்கப் போகாதீங்க. ஊருக்குப் புதுசா வர்றவங்க முதல் நாளே தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

‘நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?’

சிவகாசி கரிசல் பூமி. மழை குறைவு. இந்த வறண்ட வெயில்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஊரைத் தோதாக்கியது. அதே வெயில்தான் தண்ணிக்குத் தவிக்கவும் வைக்குது. வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகத் தாமிரபரணியிலிருந்தும் ஊருக்குக் குடிநீர் வருகிறது. தினமும் குழாயைத் திறந்தால் கொட்டும் என்று எதிர்பார்த்து வராதீங்க.

இங்கே தண்ணி ரெண்டு வகை. குடிக்க ‘நல்ல தண்ணி’. மற்ற எல்லாத்துக்கும் ‘உப்புத் தண்ணி’. வீடு பார்க்கும்போது இதைக் கேளுங்க:

- நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருது? நீங்க ஆபீஸில் இருக்கும் நேரம் வந்தால் யார் பிடிப்பது?
- தரைக்கடியில் தொட்டி இருக்கா? எல்லா போர்ஷனுக்கும் ஒரே தொட்டியா?
- போர் தண்ணி ஏப்ரல், மே மாதங்களிலும் வருமா?
- விலைக்குத் தண்ணி வாங்கினால் அந்தச் செலவு யாருடையது?

இந்தக் கேள்விகளுக்கு ஓனரின் பதில் எப்போதும், ‘தண்ணிப் பிரச்னையே இல்லை தம்பி’ என்றுதான் இருக்கும். மாடியில் குடியிருப்பவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்க. வாசலில் எத்தனை பிளாஸ்டிக் குடம், எத்தனை டிரம் இருக்கு என்று எண்ணினாலே பாதி புரிந்துவிடும்.

கரிசல் மண்ணில் இன்னொரு சிக்கல். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண் அது. புது வீடாக இருந்தாலும் சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், உள்ளே போவதற்கு முன்பே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வைங்க. காலி செய்யும்போது உதவும்.

மேப் சொல்லும் 12 நிமிஷம்

மேப்பில் 12 நிமிஷம் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்த்தால் 12 நிமிஷம்தான். திங்கட்கிழமை காலை 8.30-க்கு ஓட்டிப் பாருங்க. ஸ்கூல் வேன், கம்பெனி பஸ், பேப்பர் லாரி எல்லாம் அப்போதுதான் வரும்.

ரயில் பாதை ஊரை ஒட்டிப் போகிறது. சாட்சியாபுரம் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கேட்டு இந்த ஊர் பல வருஷம் காத்திருந்தது. கேட் மூடினால் எவ்வளவு நேரம் போகும் என்று அந்த வழியில் போய் வந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கேட் வருதா என்று பாருங்க. அவசரத்துக்கு மருத்துவமனை போகும் வழியில் வருதா என்று அதைவிட முக்கியமாகப் பாருங்க.

வண்டி ஓட்டாத பெண்களுக்கு ஒரு கணக்கு. அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. அந்த பஸ் போகும் ரூட்டில் வீடு எடுத்தால் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாப்பிலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரியுதா என்பதை இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்து முடிவு செய்யுங்க.

இப்போ ஒரு கணக்குப் போடலாம். ஓரத்தில் ஒரு வீடு 6,000 ரூபாய், வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு 7,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்து வீட்டிலிருந்து தினமும் கூடுதலாகப் போக 8, வர 8 கிலோமீட்டர். மாதம் 26 நாளுக்கு 416 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 925 ரூபாய். விலைத் தண்ணிக்கு 600 ரூபாய். மொத்தம் 7,525. மலிவான வீடு எங்கே போச்சு? வாடகையை மட்டும் பார்க்காமல் வாடகை, தண்ணி, பெட்ரோல் மூன்றையும் கூட்டிப் பாருங்க.

தெருவுக்கும் சீசன் உண்டு

சிவகாசி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வெளியூர் வண்டிகள் பட்டாசு வாங்கக் குவியும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத் தினசரி காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதிலிருந்து வருஷக் கடைசி வரை காலண்டர், டைரி வேலை அச்சகங்களில் சூடு பிடிக்கும். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் சமயத்தில் கோயில் தெருக்களில் வண்டி நுழையாது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் நாள்களில் ஊரே அமைதியாகிவிடும்.

நீங்க வீடு பார்த்தது அந்த அமைதியான நாள்களில் என்றால் ஏமாந்துடாதீங்க. ‘பக்கத்துல ஆஃப்செட் மெஷின் இருக்கா? ராத்திரி ஓடுமா?’ என்று கேளுங்க. படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தாலே அதிர்வு தெரியும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கு. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஓனரே ஆனாலும் தண்ணியையோ கரன்டையோ நிறுத்தி உங்களைக் காலி செய்ய வைக்க முடியாது.

ஈ.பி. மீட்டர் உங்க போர்ஷனுக்குத் தனியா என்று பாருங்க. தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு நேரடியாகக் கிடைக்கும். சப்-மீட்டர் என்றால் ஓனர் சொல்லும் ரேட்தான். அந்த ரேட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கோங்க.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி இ.எஸ்.ஐ. பிடித்தால் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கு. அதற்குப் போகும் வழியையும் ஒருமுறை பார்த்து வைங்க.

‘நீங்க யாரு ஆளுங்க?’

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. ‘எந்த ஊரு?’ என்று ஆரம்பித்து, ‘யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று நகர்ந்து, கடைசியில் சாதியில் வந்து நிற்கும் விசாரணை, வீடு தேடும்போது நடக்கும். ‘அசைவம் சமைப்பீங்களா?’, ‘தனியா இருக்கிற பொண்ணுக்குத் தர்றதில்ல’, ‘பேச்சிலரா?’ என்பதும் வரும். சிவகாசிக்கு மட்டும் உரியதில்லை இது. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ‘இந்த இடத்துல வேலை பார்க்கிறேன், இது என் ஐ.டி. கார்டு, மாசம் அஞ்சாம் தேதி வாடகை வந்துடும்’ என்று நேராகப் பேச்சை வேலைக்குத் திருப்புங்க. ஆபீஸில் ஏற்கெனவே அந்தப் பகுதியில் குடியிருப்பவரை அழைத்துப் போனால் விசாரணை குறையும். அதையும் மீறி நோண்டுகிற வீடு என்றால், உள்ளே போன பிறகும் யார் வந்தார்கள், என்ன சமைத்தீர்கள் என்று நோண்டத்தான் செய்யும். வாசலிலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த தெருவுக்கு நடந்துடுங்க.

அவசரப்பட்டு முதல் வாரமே வீடு எடுக்கவும் வேண்டாம். முதல் ஒரு மாதம் ஹாஸ்டலிலோ, நண்பர் அறையிலோ தங்கிக்கோங்க. பிடித்த தெருவுக்கு மூன்று தடவை போங்க. காலை 8.30-க்கு ஒருமுறை, போக்குவரத்தைப் பார்க்க. தண்ணி வரும் நாளில் ஒருமுறை, குடத்தோடு நிற்பவர்களிடம் பேச. ராத்திரி 10 மணிக்கு ஒருமுறை, வெளிச்சத்தையும் சத்தத்தையும் கவனிக்க. மூன்றாவது தடவை போகும்போது முக்குக் கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டு, ‘வீடு அமைஞ்சுதா?’ என்று கேட்பார். பாதி நல்ல வீடுகளின் தகவல் அவரிடம்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் அம்மா போன் பண்ணி, ‘பட்டாசு ஊர்ல பாதுகாப்பா இருக்கியா?’ன்னு கேட்டா, ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ன்னு சமாளிக்க வேண்டாம். தெருப் பேரைச் சொல்லுங்க. இடது பக்கம் யாரு வீடு, வலது பக்கம் என்ன கடை, தண்ணி என்னைக்கு வரும், மாடியிலிருந்து இறங்க எத்தனை வழின்னு சொல்லுங்க. அம்மாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.